வெளியே போன அப்பா வீடு திரும்பவில்லை!

அப்பா வெளியே போனார். இரவு ஆயிற்று. வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கடிதம் இல்லை. தகவல் இல்லை.

"உன் புருஷன் உன்னை விட்டுவிட்டு ஓடிப்போய்விட்டான்" என்று அக்கம்பக்கம் பேசியது. மனைவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை தேடிப் போனாள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்பாவின் முகம்கூடத் தெரியாது.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. இங்கிலாந்து நாட்டில், லிவர்பூல் என்ற துறைமுக நகரத்தில், 1945-ம் ஆண்டின் கடைசியிலும் 1946-ம் ஆண்டிலும் பல வீடுகளில் இப்படி நடந்தது.

காணாமல் போனவர்கள் சீன நாட்டு மாலுமிகள். அவர்களுடைய மனைவிமார் வெள்ளைக்காரப் பெண்கள்.

"அப்பா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று நினைத்துக்கொண்டே அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். தலை நரைத்தது. பேரன், பேத்திகளும் பிறந்தார்கள். அதன் பிறகுதான் ஒரு பழைய சர்க்கார் காகிதக் கட்டு அவர்கள் கண்ணில் பட்டது.

அப்பா ஓடவில்லை. அவரை ஓட்டிவிட்டார்கள்!

யார் இந்த மாலுமிகள்?

2-வது உலகப்போர் 1939-ம் ஆண்டு தொடங்கியது. பிரிட்டன் நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு. கோதுமை, இறைச்சி, எண்ணெய், மருந்து எல்லாம் கப்பலில்தான் வந்து சேரவேண்டும்.

அந்தக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டால், சண்டை போடாமலே இங்கிலாந்தைப் பட்டினி போட்டுவிடலாம். ஜெர்மனியின் சர்வாதிகாரி ஹிட்லர் இப்படிக் கணக்குப் போட்டார். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலில் பதுங்கி இருந்து குண்டு வீசின.

பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகளில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் போரில் மாண்டார்கள். இவர்கள் சிப்பாய்கள் அல்ல. பீரங்கி பிடிக்க வந்தவர்களும் அல்ல. சரக்குக் கப்பலில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்.

அந்த வேலைக்கு வெள்ளைக்காரர்கள் மட்டும் போதவில்லை. இந்தியர்கள், சீனர்கள், அரபுகள், ஆப்பிரிக்கர்கள் என்று பல நாட்டவரும் சேர்ந்தார்கள். ஷாங்காய், ஹாங்காங், ஹைனான் தீவு, சிங்கப்பூர் முதலிய இடங்களில் இருந்து சீன மாலுமிகள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான சீனர்களுக்கு லிவர்பூல் நகரமே தங்குமிடம் ஆயிற்று.

கப்பலின் அடிவயிற்றில் என்ஜின் அறை இருக்கும். அங்கே அனல் பறக்கும். கொதிகலனுக்கு நெருப்பு மூட்டும் வேலை சீனர்களுக்கு. குண்டு விழுந்தால் முதலில் தண்ணீர் புகுவது கப்பலின் அடித்தளத்தில்தான். மேலே ஏறிவரும் முன்பே பலர் மூழ்கிப்போனார்கள்.

ஆபத்து எல்லாருக்கும் ஒன்று. சம்பளம் மட்டும் வேறு! வெள்ளைக்கார மாலுமிக்கு மாதம் 10 பவுன் "போர்ப்படி" கொடுத்தார்கள். முதலில் சீனருக்கு அது கிடையாது. 1942-ம் ஆண்டு சீன மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போராடித்தான் போர்ப்படியும் கொஞ்சம் சம்பள உயர்வும் பெற்றார்கள்.

133 நாள் தனியாக!

அந்த மாலுமிகளின் மன உறுதிக்கு ஓர் உதாரணம் சொல்லலாம்.

பூன் லிம் என்பவர் ஹைனான் தீவைச் சேர்ந்தவர். "பென்லோமண்ட்" என்ற பிரிட்டிஷ் கப்பலில் உணவு பரிமாறும் வேலை பார்த்தார். 1942-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர் பூன் லிம் ஒருவர்தான்.

ஒரு மரமிதவை அவர் கையில் அகப்பட்டது. அதில் கொஞ்சம் பிஸ்கட்டும் தண்ணீரும் இருந்தன. அவை தீர்ந்த பிறகு மழைநீரைப் பிடித்துக் குடித்தார். டார்ச் விளக்கில் இருந்த கம்பியை வளைத்துத் தூண்டில்முள் செய்தார். மீன் பிடித்துப் பச்சையாகத் தின்றார்.

இப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 133 நாட்கள்! 1943-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரேசில் நாட்டுக் கரைக்குப் பக்கத்தில் மீனவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். பிரிட்டிஷ் மன்னர் 6-வது ஜார்ஜ் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்.

ஒருவருக்குப் பதக்கம் கிடைத்தது. அவரைப் போன்ற மற்றவர்களுக்குக் கிடைத்தது என்ன?

ரகசியக் கூட்டம்

1945-ம் ஆண்டு போர் முடிந்தது. ஊரெங்கும் கொண்டாட்டம். சீன மாலுமிகள் சிலர் லிவர்பூல் பெண்களை மணந்து, குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தவழும் குழந்தைகள் இருந்தன.

அந்த ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லண்டனில் பிரிட்டிஷ் உள்துறை அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. சீன மாலுமிகளைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேச்சு நடந்தது.

அந்த விவகாரத்துக்காக ஒரு காகிதக் கட்டு திறந்தார்கள். "விரும்பத்தகாத சீன மாலுமிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புதல்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நேற்றுவரை நெருப்புக் குழியில் நின்று கப்பல் ஓட்டியவர்கள் இன்று "விரும்பத்தகாதவர்கள்" ஆகிவிட்டார்கள்!

முதலில் சம்பளத்தில் கை வைத்தார்கள். போர்ப்படியை நிறுத்தினார்கள். கரையில் குடும்பம் நடத்த முடியாதபடி நெருக்கினார்கள். பிறகு போலீசார் சீனர்கள் தங்கும் விடுதிகளைச் சோதனை போட்டார்கள். அகப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 2 ஆயிரம் பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சில நூறு பேருக்கு லிவர்பூலில் மனைவி, மக்கள் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் பெண்ணை மணந்தவர் அங்கேயே தங்குவதற்கு உரிமை கேட்டிருக்கலாம். ஆனால் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்வார் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக்கூடப் பலருக்கு நேரம் கொடுக்கவில்லை.

அம்மாக்கள் பட்ட பாடு

அந்தப் பெண்களின் நிலையை என்னவென்று சொல்வது?

அன்றைய பிரிட்டிஷ் சட்டம் ஒரு விசித்திரமான சட்டம். அயல்நாட்டவரை மணந்த பெண் பொதுவாகத் தன் பிரிட்டிஷ் குடியுரிமையை இழந்துவிடுவாள். பிறந்த ஊரிலேயே அந்நியப் பெண் ஆகிவிடுவாள்! 1949-ம் ஆண்டு தொடக்கத்தில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தக் கொடுமை நீங்கியது.

புருஷன் இல்லை. சம்பாத்தியம் இல்லை. "சீனனைக் கட்டிக்கொண்டாயே" என்ற ஏச்சு வேறு. அதிகாரிகள் தங்கள் காகிதங்களில் இந்தப் பெண்களின் ஒழுக்கத்தையே இழிவாக எழுதி வைத்தார்கள்.

சிலர் மறுமணம் செய்துகொண்டார்கள். சிலர் குழந்தையை வளர்க்க வழியில்லாமல் தத்துக் கொடுத்தார்கள். 1949-ம் ஆண்டு சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. கடிதம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கையும் போயிற்று.

கணவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தபடியே பல பெண்கள் கண்ணை மூடினார்கள். உண்மை அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. இந்தக் கதையில் ஆற்ற முடியாத துயரம் இதுதான்.

பழைய காகிதம் பேசியது

பிள்ளைகள் வளர்ந்தார்கள். "அப்பா யார்? ஏன் போனார்?" என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

லண்டன் நகரின் ஓரத்தில் கியூ என்ற இடம் இருக்கிறது. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் அங்கேதான் உள்ளது. அரசாங்கத்தின் பழைய காகிதங்கள் எல்லாம் அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளில் சிலர் அங்கே போய்த் தேடினார்கள். "ஹெச்.ஓ. 213/926" என்ற எண்ணுள்ள கட்டு வெளியே வந்தது. அக்டோபர் 19-ந் தேதி கூட்டமும் அம்பலமாயிற்று.

2006-ம் ஆண்டு லிவர்பூல் துறைமுகக் கரையில் அந்த மாலுமிகளுக்கு நினைவுப் பலகை ஒன்று வைத்தார்கள். 2021-ம் ஆண்டு லிவர்பூல் உறுப்பினர் கிம் ஜான்சன் நாடாளுமன்றத்தில் இந்த விஷயத்தை எழுப்பினார். 2022-ம் ஆண்டு உள்துறை தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. மாலுமிகளை அனுப்பியதில் கட்டாயம் இருந்தது என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

அதற்குள் 76 ஆண்டுகள் ஓடிவிட்டன.

எப்படித் தேடுகிறார்கள்?

போர்க்காலத்தில் கடலுக்குப் போன ஒருவரைப் பற்றி இன்று தேட முடியுமா? முடியும். பொறுமை வேண்டும். வழியும் தெரிய வேண்டும்.

முதலில் வீட்டில் தேடவேண்டும். பழைய தகரப்பெட்டி, மரப்பெட்டி எதையும் விடக்கூடாது. மாலுமிகள் ஒவ்வொருவரிடமும் "டிஸ்சார்ஜ் புத்தகம்" என்று ஒன்று இருக்கும். எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று அதில் எழுதியிருப்பார்கள். அதன் எண் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

புத்தகம் இல்லையா? குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். அதில் தகப்பனார் பெயரும் தொழிலும் இருக்கும். திருமணச் சான்றிதழும் உதவும். போட்டோவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஊர், தேதி, கப்பல் பெயர் எழுதியிருக்கக்கூடும்.

அடுத்தபடி, மாலுமிப் பதிவேடு. 1941-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் வர்த்தகக் கப்பல் மாலுமிகளை எல்லாம் பதிவு செய்யத் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், செய்த வேலை, ஏறிய கப்பல்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 1972-ம் ஆண்டு வரை உள்ள தாள்கள் கியூ காப்பகத்தில் இருக்கின்றன. இந்தியர்களுக்கும் மற்ற ஆசியர்களுக்கும் தனி ஏடுகள் உண்டு.

மூன்றாவது, காகித உறை. மாலுமியின் சொந்தக் காகிதங்களைச் சிறு உறைகளில் போட்டு வைத்தார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே போட்டோகூட இருக்கும். அப்பா முகத்தையே பார்க்காத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய புதையல் ஏது?

நான்காவது, கப்பலின் ஆள் கணக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒப்பந்தத் தாள் உண்டு. ஏறியவர்களின் பெயர், வயது, ஊர், இதற்கு முன்பு இருந்த கப்பல் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தக் கட்டுகளை ஆள் பெயரை வைத்துத் தேட முடியாது. கப்பலின் பதிவு எண்ணை வைத்துத்தான் தேடவேண்டும். ஆகவே கப்பல் பெயர் முக்கியம்.

போர்க்காலத்தில் கப்பல்கள் எந்தத் துறைமுகத்தில் இருந்து எங்கே போயின என்று குறித்த அட்டைகளும் உள்ளன. ஆள் கணக்கையும் இந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்பா எந்த மாதம் எந்தக் கடலில் இருந்தார் என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது, பதக்கக் கணக்கு. சரக்குக் கப்பல் மாலுமிக்கும் போர்ப் பதக்கம் உண்டு. ஆனால் அவராகவே விண்ணப்பித்துக் கேட்டு வாங்கவேண்டும். பலர் கேட்கவே இல்லை. எனவே பதக்கக் கணக்கில் பெயர் இல்லை என்பதற்காக, "அவர் கடலுக்கே போகவில்லை" என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

காப்பகத்தின் பட்டியலை இணையதளத்திலேயே தேடலாம். நேரில் போகிறவர்கள் அடையாளச் சான்று காட்டி வாசகர் சீட்டு பெறவேண்டும். காகிதத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. நகல் வேண்டுமானால்தான் பணம்.

இன்னொன்றும் நினைவில் வைக்கவேண்டும். போர்க்கப்பல் வேறு, சரக்குக் கப்பல் வேறு. கடற்படை வீரரின் காகிதங்கள் தனி இடத்தில் இருக்கும். "தாத்தா நேவியில் இருந்தார்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர் சரக்குக் கப்பலில் இருந்திருக்கலாம். இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், மாதக்கணக்கில் தவறான கட்டில் தேடிக்கொண்டிருக்க நேரும்.

பெயரால் வரும் குழப்பம்

தேடுவோருக்குப் பெரிய தலைவலி பெயர்தான்.

சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். இங்கிலீஷ் குமாஸ்தா அதைப் பின்னால் போட்டுவிடுவார். ஷாங்காய்க்காரர் ஒருவிதமாக உச்சரிப்பார். ஹாங்காங்காரர் வேறு விதமாக உச்சரிப்பார். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே மனிதர் மூன்று கப்பலில் மூன்று பெயரோடு இருப்பார்!

நமக்கு இது புதிதா என்ன? ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று நம் ஊரிலும் அலைகிறவர்கள் உண்டு அல்லவா? தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறிவிட்டால் நாம் படுகிற பாட்டை அவர்களும் படுகிறார்கள்.

ஆகவே ஒரு பெயரை நான்கைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடவேண்டும். பெயர் மட்டும் ஒத்திருந்தால் போதாது. பிறந்த ஆண்டு, ஊர், கப்பல் இவற்றில் இரண்டாவது ஒத்துவரவேண்டும். அவசரப்பட்டால் யாரோ ஒருவரை அப்பா என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு.

நம் நாட்டு மாலுமிகள்

இந்தக் கதை நமக்கும் அந்நியமானது அல்ல.

பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளை "லஸ்கர்" என்று அழைத்தார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆள் எடுத்தார்கள். அவர்களுக்கும் வெள்ளைக்காரரை விடக் குறைந்த சம்பளம்தான்.

பூன் லிம்மின் கப்பல் மூழ்கியது 1942-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி என்று மேலே சொன்னோம். அதே நாளில், பம்பாயில் இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த "டிலாவா" கப்பலை ஜப்பான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 280 பேர் மாண்டார்கள். ஒரே நாள். இரண்டு கடல்கள். இரண்டு துயரங்கள்.

2-வது உலகப்போரில் உயிரிழந்து, கல்லறைகூட இல்லாமல் கடலோடு போன இந்திய மாலுமிகள் ஏறத்தாழ 6 ஆயிரம் பேர். அவர்கள் பெயர்களை எழுதிய ஏடு இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று மும்பைக்கு, மற்றொன்று வங்காளதேசத்தில் உள்ள சிட்டகாங் நகருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இந்தப் பெயர்களைத் தேடலாம். கட்டணம் கிடையாது.

"ரஜூலா" என்ற கப்பலை நம் பாட்டிமார் நன்றாக அறிவார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926-ம் ஆண்டு முதல் 1973-ம் ஆண்டு வரை ஓடிய கப்பல் அது. போர்க்காலத்தில் அதுவும் துருப்புகளை ஏற்றிச் சென்றது. அதுபோன்ற கப்பல்களில் வேலை பார்த்த தாத்தா உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். பாட்டி உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கப்பலின் பெயர் ஒன்று போதும். மற்றதைக் காகிதத்தில் தேடிக்கொள்ளலாம்.

ஒரு வரி போதும்

லிவர்பூல் பிள்ளைகளுக்கு இப்போது 80 வயது ஆகிறது. அப்பா திரும்பி வரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நஷ்டஈடு வேண்டும் என்பதற்காக அவர்கள் இத்தனை காலம் தேடவில்லை.

பின் எதற்காகத் தேடினார்கள்?

அப்பா பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், இறங்கிய தேதி. ஒரு பழைய தாளில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றி எழுதிவிடுகிறது.

"அப்பா நம்மை விட்டுவிட்டு ஓடிவிட்டார்" என்று இனி யாரும் சொல்ல முடியாது. "அப்பாவை நம்மிடம் இருந்து பிரித்துவிட்டார்கள்" என்று சொல்லலாம். அம்மாவின் கல்லறைக்குப் போய், "அவர் உன்னை ஏமாற்றவில்லை, அம்மா" என்று சொல்லலாம்.

அம்மாவின் காதில் விழாது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் மனப்பாரம் இறங்கிவிடும்.